சிறுநீரக மாற்றுக்குப் பிறகு: 'சாதாரணக் காய்ச்சல்தானே' என்பதில் தொடங்கும் தவறுகள்

மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்து நாலு மாதம். லேசாக உடம்பு சுடுகிறது. தெருமுனை மருந்துக் கடையில் ஒரு பாராசிட்டமாலும், கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுக்கும் மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரையும். நம்மூரில் எல்லோரும் செய்வதுதான். சிறுநீரகம் மாற்றியவர் செய்யக் கூடாது.

புது உறுப்பை உடல் ஒதுக்கித் தள்ளாமலிருக்க, எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டும் சேர்வதால், உள்ளே கிருமி பரவினாலும் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமல் போகலாம். இவர்களுக்கு அதிகம் வரும் பாக்டீரியா தொற்று சிறுநீர்ப் பாதையில்தான். எரிச்சல், வலி இல்லாமலும் வரும். 100.4 டிகிரி தொட்டாலே, ராத்திரியானாலும், மாற்று செய்த மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை) சிறுநீர் கொடுக்கும் முன் ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டால், எந்தக் கிருமி என்பதே பிடிபடாமல் போகலாம்.

அந்த மாத்திரையிலும் வினை இருக்கிறது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்: கை நடுங்கும், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் கூடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர் எதிர், அளவைக் கீழே இறக்கி உறுப்பு நிராகரிப்புக்கு வழி விடும். பம்பளிமாஸ் பழமும் அளவை ஏற்றும். வயிற்றுப்போக்கிலும் ஏறலாம்.

ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்கப் போகிற அன்று நடப்பதைச் சொல்ல வேண்டும். வழக்கம்போல எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்பதரைக்கு லேபில் கை நீட்டுகிறார்கள். வருவது உச்ச அளவு. அதைப் பார்த்து டோஸைக் குறைத்தால் வம்பு. முந்தைய டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுங்கள். மாத்திரை பையிலேயே இருக்கட்டும். ரத்தம் எடுத்ததும் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் சர்க்கரை. "எனக்குச் சுகரே கிடையாதே" என்பவருக்கும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சேர்ந்து கொண்டுவந்துவிடும். காலையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவருக்கு மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றில் 95 காட்டிய மீட்டர் சாயங்காலம் 240 காட்டலாம். காலையில் மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதுதான் இங்கே பெரிய ஏமாற்று. முதல் சில மாதங்களில் ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சோதனையும் (HbA1c) குறைத்துக் காட்டக்கூடும். சர்க்கரை ஏறினால் தொற்றும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதற்காக ஸ்டீராய்டை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலின் இருக்கிறது; போன சிறுநீரகத்துக்கு மறுபடியும் டயாலிசிஸ்தான்.