அப்பர் லிப் வேக்ஸிங்: முதல் தடவை வீட்டில் செய்பவர்களுக்கு

பல வருடம் த்ரெட்டிங் செய்துவிட்டு வேக்ஸிங்குக்கு மாறினேன். முதல் நாளே முடியோடு தோலும் உரிந்து வந்தது. வேக்ஸ் மேல் தப்பில்லை. பருவுக்காக ராத்திரி பூசிக்கொண்டிருந்த அடாபலீன் ஜெல்தான் காரணம்.

அடாபலீன், ட்ரெட்டினாயின், ரெட்டினால் கலந்த பூச்சுகள் எல்லாமே தோலின் மேலடுக்கை மெலிதாக்கும். வேக்ஸ் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் முன்பாவது நிறுத்திவிடுங்கள். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் வேக்ஸ் பக்கமே போக வேண்டாம், நிறுத்தி 6 மாதம் ஆகும்வரை. எனக்குத் தோல் உரிந்த இடத்தில் விழுந்த கறுப்பு போக இரண்டு மாதம் ஆனது. அதற்குள் வந்த கல்யாணங்களில் எல்லாம், "உதட்டுல என்ன, சூடு பட்டுடுச்சா?"

சரி, செய்முறை. முகத்துக்குத் துணி ஒட்டி இழுக்கும் ஸ்ட்ரிப் வேண்டாம்; பீன்ஸாக (சின்னச் சின்ன மணிகளாக) வரும், தானே இறுகும் ஹார்ட் வேக்ஸ்தான் என் கட்சி. அது தோலைவிட முடியைத்தான் பிடிக்கும். முந்தின நாளே தாடை ஓரத்தில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். முடி பாதி அரிசி நீளமாவது இருக்க வேண்டும்.

முகம் கழுவி, நன்றாகத் துடைத்து, லேசாகப் பவுடர். வேக்ஸ் தேன் பதத்துக்கு உருகியதும் மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள், சுட்டால் பொறுங்கள். ஒரு பக்கம் மட்டும், மூக்கடியிலிருந்து உதட்டோரம் நோக்கித் தடவுங்கள். ஓரத்தில் கொஞ்சம் தடிமனாக விட்டால் பிடித்து இழுக்க வசதி.

தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், உதட்டைப் பல்லோடு இறுக்கிக்கொண்டு, மூக்குப் பக்கமாக ஒரே இழுப்பு. கை தோலை ஒட்டியே போகணும். வெளிப்பக்கமாகத் தூக்கினால் முடி பாதியில் அறுந்துவிடும். கண்ணில் தண்ணீர் வரும், தும்மலும் வரலாம். மிஞ்சிய முடிக்கு ட்வீசர். அதே இடத்தில் மறுபடி வேக்ஸ் கூடாது.

சிவப்பு சில மணி நேரம் இருக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் குட்டிக் கொப்புளம். அன்றைக்கு ஆவி பிடிப்பது, எலுமிச்சை, வெயில் எதுவும் வேண்டாம். மூன்று, நான்கு வாரம் தாங்கும்.

பின்சேர்க்கை: "நான் வெறும் நைட் கிரீம்தான் போடுறேன்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் ரெட்டினால் இருக்கலாம். முடி அடர்த்தியாகுமா என்று கேட்டவருக்கு: வேக்ஸிங்கால் ஆகாது. ஆனால் தாடையில் தடித்த முடி புதிதாக வந்து, மாதவிடாயும் தள்ளிப்போனால் முதலில் டாக்டரிடம் போங்கள். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம்.