சர்வேக்குக் கிளம்பும் முன்: துணை ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப்பிழை, ஜெராக்ஸ் பற்றாக்குறை எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். அவற்றை விடுகிறேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் சர்வேக்குக் கேள்வித்தாள் மட்டும் போதாது; வீட்டுப் பட்டியல் படிவம், குழுவுக்கான கையேடு, கடிதம் எல்லாம் கூடவே போகும். அவற்றில், சென்னையில் புதிதாக இறங்கும் குழுக்கள் கடைசிவரை கவனிக்காத தவறுகள் வேறு.

லிஸ்டிங் படிவத்தில் ஒரே கதவு எண்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முதலில் தெருவின் எல்லா வீடுகளையும் பட்டியல் எடுக்கிறோம். அதிலிருந்து குலுக்கலில் சில வீடுகள் தேர்வாகும். நேர்காணலுக்குப் போவது பெரும்பாலும் வேறொருவர். அவர் அதே வாசலில் போய் நிற்க வேண்டும். படிவம் இருப்பதே அதற்குத்தான். ஆனால் அதில் 'கதவு எண்' என்று ஒரே கட்டம். இந்த ஊரில் பல வாசல்களில் புதிய எண், பழைய எண் என்று இரண்டு இருக்கும். பட்டியல் எடுப்பவர் கண்ணில் பட்டதை எழுதிவிடுவார்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. படிவத்தில் '14, மாடி' என்று இருந்தது. புதிய 14-க்கு மாடியே இல்லை. பழைய 14 எதிர்வரிசையில், மாடியில் மட்டும் மூன்று போர்ஷன். இரண்டு பூட்டு. மூன்றாவது வீட்டு அக்கா, "உள்ள வாங்க தம்பி, ஃபேன் போடறேன்" என்றார். நேர்காணலுக்குப் போன பையன் அங்கேயே முடித்துவிட்டான். அவனைத் திட்டி என்ன பயன்? ஆள் இருக்கிற வீடாகப் பார்த்துப் பேசினால், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் சாம்பிளிலிருந்து நழுவிவிடும். பதில்களைப் பதியும் டேப்லெட்டில் எந்தப் பிழையும் காட்டாது. சூப்பர்வைசர் மறுபடி போய்க் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அந்தப் பகுதி முழுக்க மறு லிஸ்டிங். செலவு நம் தலையில்.

புதிய எண், பழைய எண், தளம், எத்தனையாவது போர்ஷன், குடும்பத் தலைவர் பெயர், அடையாளம் என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். 'கீழே தையல் கடை, பச்சை கேட்' என்ற குறிப்பு எந்த எண்ணையும்விட உதவும். நடந்த திசைக்கு அம்புக்குறி போட்ட கைவரைபடமும் கூடவே போகட்டும்.

'குடும்பம்' யார் என்று சொல்லாத கையேடு

ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். சரி, மேன்ஷன் அறைகளில், அதாவது வேலைக்காக வந்தவர்கள் தனியாகத் தங்கும் வாடகை விடுதிகளில், இருப்பவர்களை என்ன செய்வது? உறவில்லாதவர்கள் விடுதியில் பொதுச் சமையலில் சாப்பிட்டால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களைச் சேர்த்து 'நிறுவனக் குடும்பம்' என்று எடுக்கும். மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு விடுதியில் இருக்கும் ஒவ்வொருவரையும் பொதுவாக ஒற்றை ஆள் குடும்பமாக எண்ணும். உங்கள் கையேடு எதையாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கணக்கு.

ஒப்புதல் படிவம்

நேர்காணலுக்குச் சம்மதம் கேட்கும் படிவம் இது. வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கினால் மாற்றி எழுதுங்கள்.

அறிமுகக் கடிதம்

தமிழில், முத்திரையோடு, கூப்பிட்டால் யாராவது எடுக்கிற நம்பரோடு. அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் முதலில் கேட்பது இதைத்தான்.

திருத்தத் தேதி

கையேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டும். அப்புறம், பழையதைத் திரும்ப வாங்காமல் புதியதைக் கொடுக்காதீர்கள்.