சிகரெட்டை விடுவது: யாழ்ப்பாணத்தில் ஒருவர் எங்கே தொடங்கலாம்

பெட்டியை வேலிக்கு மேலால் எறிய முன்னம் ஒரு தாளில் இரண்டு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பத்துகிறீர்கள்? நாளொன்றுக்கு எத்தனை பத்துகிறீர்கள்?

முதற் கேள்விக்கு 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி, 6 முதல் 30 நிமிடம் என்றால் 2, 31 முதல் 60 என்றால் 1, அதற்கும் பிந்தினால் 0. இரண்டாவதுக்கு 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. இரண்டையும் கூட்டுங்கள். 0 முதல் 2 வரை வந்தால் உடம்பு நிக்கொட்டினுக்கு அவ்வளவாக அடிமைப்படவில்லை. பழக்கத்தை உடைத்தாலே பெரும்பாலும் போதும். 3, 4 நடுத்தரம். 5 அல்லது 6 வந்தவர் மனவுறுதியை மட்டும் நம்பி இறங்கினால் மூன்றாம் நாள் சந்திக் கடையில் நிற்க இடமுண்டு. அவருக்கு மருந்தும் வேண்டும், ஆளும் வேண்டும்.

"மனம் வைச்சால் விடலாம், அவனுக்கு மனமில்லை" என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. அரைவாசிதான் சரி. புகையோடு போகும் நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளையைத் தொடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் பாதியாகிவிடுகிறது. இரவு முழுக்கப் புகைக்காதவருக்கு விடியப்புறச் சிகரெட் அவ்வளவு அவசரமாவது அதனால்தான். குணக்கேடென்று திட்டி இதை மாற்ற முடியாது.

சுருட்டுக்காரருக்கு எண்ணிக்கைக் கணக்குப் பொருந்தாது. சுருட்டுப் புகை காரத்தன்மை கூடியது. உள்ளே இழுக்காமல் வாயில் வைத்திருந்தாலே கன்னத்தின் உட்புறத்தால் நிக்கொட்டின் இரத்தத்தில் சேரும். "நான் உள்ளுக்கு இழுக்கிறேல்லை" என்று சொல்லும் பெரியவர்கள் நாளுக்கு மூன்று சுருட்டோடு கடுமையாக அடிமைப்பட்டிருக்கலாம். அவர்களுக்குக் காலையின் முதற் கேள்வியை மட்டும் பாருங்கள். வெத்திலையோடு புகையிலை போடுபவருக்கும் அப்படியே.

நாள் குறித்தல்

இரண்டு கிழமைக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். அதற்கு மேல் தள்ளினால் அந்த நாள் வராது. பலர் நல்லூர்க் கொடியேற்றத்தைத் தெரிவு செய்கிறார்கள். கெட்டித்தனமான தெரிவுதான்: 25 நாளும் வீட்டில் மச்சமில்லை, தவறணைப் பக்கம் போவது குறைவு, மறுப்பதற்குக் காரணமும் கையில் இருக்கிறது. ஆனால் திருவிழாவுக்கு மட்டும் என்று நேர்ந்துகொண்டால் விரதம் முடிந்ததும் மச்சக்கறியோடு சிகரெட்டும் திரும்பும். கந்தசஷ்டியின் 6 நாளுக்கும் இதே வில்லங்கம். உடல் அடங்கத் தொடங்கும் நேரத்தில் நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். விரதத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், முடிவுத் திகதி வைக்காதீர்கள்.

"நாளுக்கு ஒன்றாகக் குறைத்து விடுகிறேன்" என்பவர்கள் பெரும்பாலும் மிஞ்சிய சிகரெட்டை ஆழமாக, அடிக்கட்டை வரை இழுப்பார்கள். நிக்கொட்டின் அளவு எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது. குறித்த நாளில் முற்றாக நிறுத்துவதே நல்லது.

அந்த நாளுக்கு முந்திய மூன்று நாளும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரம், இடம், கூட இருந்தவர் ஆகியவற்றைத் துண்டுத் தாளில் குறித்துப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். காலை மலசலகூடம், பத்து மணி பிளேன்ரீ, மத்தியானச் சோற்றுக்குப் பின், பின்னேரம் சந்தி: நாலைந்து இடம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று எழுதுங்கள். சாப்பிட்டதும் கதிரையில் இருக்காமல் எழும்பிப் பல்லுத் தீட்டலாம். பத்து மணித் தேத்தண்ணியை வேறு கடையில் குடிக்கலாம். கைக்கு ஏதாவது வேண்டுமென்றால் விரல் நீளக் கறுவாப்பட்டை நல்லது. ஒரு துண்டு அரை நாள் தாங்கும்.

முதல் நாள் இரவு தீப்பெட்டி, லைற்றர், சாம்பல் தட்டு, மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் ஒளித்தது எல்லாம் வெளியே. கடையில் கொப்பிக் கணக்கு இருந்தால் காசைக் கட்டி முடித்து, "இனி எனக்குச் சிகரெட் எழுதாதேங்கோ" என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். பிள்ளையை அனுப்பி வாங்குவிப்பதை இந்தக் கட்டத்தில் மட்டுமல்ல, என்றைக்குமாக நிறுத்த வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம்.

மருந்து

தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்சும் நிக்கொட்டின் சூயிங்கமும் புகையிலுள்ள தாரும் காபன் மொனொக்சைட்டும் இல்லாமல் நிக்கொட்டினை மட்டும் குறைந்த வேகத்தில் தருகின்றன. எல்லாப் பாமசியிலும் இருக்காது. முதலில் போன் பண்ணிக் கேட்டு, குறித்த நாளுக்கு முன் வாங்கி வையுங்கள். இரண்டு கிழமைக்குள் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி கூடிவருபவர், கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் தொடங்க வேண்டாம்.

பட்ச்: நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் 21 மில்லிகிராமில் 6 கிழமை, பிறகு 14இல் 2 கிழமை, 7இல் 2 கிழமை. 10 அல்லது அதற்குக் குறைவென்றால் 14இல் 6 கிழமை, 7இல் 2 கிழமை. காலையில் ஒன்று, மயிர் குறைந்த மேற்கையிலோ மார்பிலோ முதுகிலோ. நேற்று ஒட்டிய இடத்தில் இன்று வேண்டாம், தோல் அரிக்கும். எங்கள் வெக்கைக்கு அது கழன்று விழுவதுதான் பெரிய முறைப்பாடு. குளித்து, நன்றாகத் துடைத்து, வேர்வை அடங்கிய பிறகு ஒட்டி உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துங்கள். தேங்காயெண்ணெய் பூசிய தோலில் ஒருக்காலும் நிற்காது. கனவு கண்டு நித்திரை குழம்பினால் படுக்கும்போது கழற்றிவிடலாம்.

சூயிங்கம்: எழும்பி 30 நிமிடத்துக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. முதல் 6 கிழமை 1–2 மணித்தியாலத்துக்கு ஒன்று, அடுத்த 3 கிழமை 2–4 மணித்தியாலத்துக்கு ஒன்று, கடைசி 3 கிழமை 4–8 மணித்தியாலத்துக்கு ஒன்று. நாளுக்கு 24ஐத் தாண்டக் கூடாது. "வயித்தைப் பிரட்டுது, விக்கல் வருது" என்று எறிபவர்கள் அநேகமாக அதை இனிப்புச் சூயிங்கம் போல மென்றவர்கள். காரம் தெரியும் வரை மெதுவாக மெல்லுங்கள், பிறகு கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். காரம் மங்கினால் திரும்ப மெல்லுங்கள். இப்படி அரை மணித்தியாலம். போட முன் 15 நிமிடமும் வாயில் இருக்கும்போதும் தேத்தண்ணி, கோப்பி, சோடா வேண்டாம், நிக்கொட்டின் உறிஞ்சப்படாது. பொய்ப்பல் கட்டியவருக்குச் சூயிங்கம் சரிவராது.

5, 6 புள்ளி வந்தவருக்குப் பட்ச் ஒன்றை ஒட்டி, ஆசை மூளும் நேரத்தில் 2 மில்லிகிராம் சூயிங்கமும் போடுவது ஒன்றை மட்டும் பாவிப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

வைத்தியர் எழுதித் தரும் குளிசைகளும் உண்டு. வரெனிக்ளின் என்றால் முதல் 3 நாள் 0.5 மில்லிகிராம் ஒருவேளை, 4–7ஆம் நாள் அதே அளவு இருவேளை, 8ஆம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இருவேளை, மொத்தம் 12 கிழமை. எட்டாம் நாளே சிகரெட்டை நிறுத்தும் நாள். வெறும் வயிற்றில் போட்டால் சத்தி வரும். சாப்பிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் அளவு குறைய வேண்டும், மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொரு குளிசையான புப்புரொப்பியன் வலிப்பு வந்தவருக்கு ஆகாது.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று இது. புகையிலுள்ள தார் சில மருந்துகளை ஈரல் வேகமாக உடைக்கச் செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைய, அதே குளிசையின் அளவு இரத்தத்தில் ஏறும். இழுப்புக்குத் தியோபிலின் எடுப்பவர், மனநல மருந்துகளில் குளோசபின், ஒலன்சபின் எடுப்பவர், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர் நிறுத்தும் நாளுக்கு முன்னரே தங்கள் கிளினிக்கில் சொல்ல வேண்டும். நிக்கொட்டின் பட்ச் இதைத் தடுக்காது, காரணம் தார்தான். நீரிழிவுக்காரர் முதல் மாதம் சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

தேத்தண்ணிக்கும் இதே கதை. சிகரெட்டை நிறுத்தியவர் உடம்பில் கஃபீன் முன்னையைவிட நெடுநேரம் தங்கும். நாளுக்கு ஆறு பிளேன்ரீ குடித்தவர் அதே ஆறைத் தொடர்ந்தால் நெஞ்சுப் படபடப்பும் நித்திரையின்மையும் வரும். பழியைச் சிகரெட் இல்லாததில் போடுவார். மூன்றாகக் குறையுங்கள்.

முதல் மாதம்

இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம்: எரிச்சல், தலையிடி, பசி, ஒன்றிலும் மனம் நிற்காமை. பிறகு 2 முதல் 4 கிழமைக்குள் படிப்படியாக அடங்கும். ஒவ்வொரு ஆசை அலையும் பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தணியும். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு வேலை இருந்தால் போதும்: கிணத்தடிக்குப் போய் முகம் கழுவுவது, பூக்கன்றுக்குத் தண்ணி ஊற்றுவது, கராம்பு ஒன்றை வாயில் போடுவது. மலச்சிக்கலுக்குப் பப்பாசியும் கீரையும் தண்ணீரும். இருமல் சில கிழமைக்குக் கூடவும் கூடும். சுவாசக் குழாய் தன்னைத் துப்புரவாக்கத் தொடங்கியிருக்கிறது. "விட்டதாலதான் வருத்தம் வந்தது" என்று சுருட்டுக்குத் திரும்புபவர் இங்கேதான் திரும்புகிறார். முதலாண்டில் 4–5 கிலோ கூடுவது வழக்கம். பனங்கட்டியையும் மிக்ஸரையும் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

வெத்திலை பாக்குக்கு மாறுவது விடுவதாகாது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும்.

துணை

ஓராளைத் தெரிவு செய்யுங்கள். ஊருக்கெல்லாம் சொன்னால் ஊரே காவல் காக்கும், அது எரிச்சலைத்தான் தரும். அவர் முதல் 14 நாளும் ஒரே நேரத்தில், சொல்லப்போனால் பின்னேர ஆறு மணிக்கு, போன் எடுத்து "இண்டைக்கு எது கஷ்டமாயிருந்தது?" என்று கேட்டால் போதும். "பத்தினியளோ?" என்று கேட்கக் கூடாது, பொய்க்கு வழிவிடும். சட்டையை மணந்து பார்ப்பதும் அப்படித்தான். துணைக்கு மனைவியைவிட முன்பு புகைத்து விட்ட மச்சானோ சக ஊழியரோ பொருத்தம். வீட்டில் தகப்பனும் மகனும் இருவரும் புகைப்பவரென்றால் ஒரே நாளில் விடச் சொல்லுங்கள். ஒருவர் தொடர்ந்தால் மற்றவர் தங்குவது அரிது.

தொழில்முறை உதவிக்கு, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 இலக்கத்தை அழைக்கலாம். மனம் மிகவும் சோர்ந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. நேரில் என்றால் யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள். தெல்லிப்பழையில் மனநலப் பிரிவும் உண்டு. எங்கே போவதென்று தெரியாவிட்டால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். போகும்போது புள்ளி எழுதிய தாளையும் எடுக்கும் குளிசைகளையும் கொண்டு போனால் வைத்தியரின் நேரம் மிச்சம்.

விழுத்தும் இடங்கள்

உடம்பு அடங்கி இரண்டு மாதம் கழித்து விழுபவர்களை விழுத்துவது பெரும்பாலும் ஒரு சபைதான். செத்த வீட்டில் இரவு கண்விழிப்பு, கையில் வேலையில்லை, தட்டத்தில் வெத்திலையும் சுருட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து "ஒண்டு பத்தடா" என்பார். கொழும்பு பஸ் நடுச்சாமத்தில் சாப்பாட்டுக்கடையில் நிற்கும். இவற்றுக்கு முதலே வசனம் தயாராக இருக்க வேண்டும்: "வேண்டாமண்ணை, விட்டிட்டன்." அதோடு நிறுத்துங்கள். "டொக்டர் சொன்னவர்" என்று காரணம் சேர்த்தால் "எந்த டொக்டர், அவரே பத்திறவர்" என்று வாதம் தொடங்கும். செத்த வீட்டில் பந்தல், கதிரை, தேத்தண்ணி பரிமாறல் என்று கைவேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தவறணைக்கு முதல் மூன்று மாதமும் போகாதீர்கள். கள்ளுப் பாதி இறங்கியவருக்கு வசனம் ஞாபகம் வராது.

அப்படியும் ஒன்றைப் பத்திவிட்டால் பட்சைக் கழற்ற வேண்டாம், மருந்தை நிறுத்தவும் வேண்டாம். மிச்சப் பெட்டியைத் தண்ணியில் போட்டு, அன்றிரவே துணையாளுக்குச் சொல்லி, நடந்த இடத்தையும் நேரத்தையும் அந்தப் பழைய தாளில் ஒரு வரியாகச் சேருங்கள். நாளுக்கு நாலைந்து என்று திரும்பிவிட்டால் ஒரு கிழமைக்குள் புது நாள் குறித்து, இம்முறை மருந்தளவு போதாமலிருந்ததா, சபை விழுத்தியதா என்று பாருங்கள். முதலாவதென்றால் வைத்தியரிடம், இரண்டாவதென்றால் துணையாளிடம் போகவேண்டும். வாயில் மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இருமலில் இரத்தம் இருந்தால் புது நாளுக்குக் காத்திராமல் அடுத்த நாட் காலையே வைத்தியசாலைக்குப் போங்கள்.