முதல் மாதம் நிலா மட்டும் போதும்: குழந்தைகளுக்கு வானம் காட்டும் முறை

குழந்தைக்கு வானம் காட்ட வேண்டும் என்றதும் பலரும் முதலில் தொலைநோக்கிதான் வாங்குகிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறு முதல் பத்து வயதுவரை உள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு பாய், ஒரு நோட்டு, ஒரு பென்சில் இருந்தால் போதும்.

அமாவாசை கழிந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்குங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் மேற்கே கீற்றுப் பிறை தெரியும். நோட்டில் ஒரு வட்டம் போட்டு, இருண்ட பகுதியைப் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். தேதியும் நேரமும் எழுதட்டும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று பார்த்தால்தான் நிலா நாளுக்குச் சுமார் 13 பாகை (டிகிரி) கிழக்கே தள்ளிப்போவது பிடிபடும். அளப்பதற்குக் கையே கருவி. கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. குழந்தைக்கு முஷ்டி சிறியது, கையும் குட்டை. அதனால் கணக்கு பெரிதாக மாறாது. நிலாவின் அகலம் அரைப் பாகைதான். அடிவானத்தில் பூதாகரமாகத் தெரியும் பௌர்ணமி நிலாவையும் சுண்டுவிரலால் மறைத்துவிடலாம். இதைச் சொல்லாதீர்கள், மறைத்துப் பார்க்க விடுங்கள்.

பௌர்ணமிக்குப் பிறகு நிலா உதிப்பது தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். அதற்குள் குழந்தை தூங்கிவிடும். பலருடைய நோட்டும் பாதியில் நிற்பது இங்கேதான். தேய்பிறை நாட்களில் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். விடிந்த பிறகும் சில மணி நேரம் வானில் நிலா வெளுத்துத் தெரியும்.

பிறை ஏன் மாறுகிறது? பூமியின் நிழல் விழுவதால் என்று பெரியவர்களே சொல்வதுண்டு. அது தவறு. இருட்டறையில் மூடியில்லாத ஒரு பல்பைக் குழந்தையின் தலை உயரத்தில் வையுங்கள். வெள்ளைப் பந்து ஒன்றைப் பென்சிலில் குத்தி, கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பல்பைப் பார்த்து நின்றால் பந்தின் இருண்ட பக்கம் தெரியும்: அமாவாசை. இடப்பக்கமாகக் கால்வட்டம் திரும்பினால் பந்தின் வலது பாதி ஒளிரும்: வளர்பிறை. பல்புக்கு முதுகு காட்டினால் முழு நிலா. பந்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடிக்காவிட்டால் இந்த இடத்தில் தலையின் நிழல் விழுந்து பந்து இருண்டுவிடும். அதையும் விட்டுவிடாதீர்கள், அதுதான் சந்திர கிரகணம். நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் எல்லாப் பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை.

நட்சத்திரம் பார்க்க நிலா இல்லாத இரவு வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் மீண்டும் முதலிலிருந்துதான். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், படுத்துப் பாருங்கள்.

ஒரு இரவுக்கு ஒரு நட்சத்திரக் கூட்டம் போதும். டிசம்பர் முதல் மார்ச் வரை மாலையில் தெரியும் ஓரியனே (வேட்டைக்காரன்) எளிது. வரிசையாக மூன்று நட்சத்திரங்கள், அதுதான் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அந்தக் கோட்டை ஒரு பக்கம் இரண்டு முஷ்டிக்குச் சற்று மேல் நீட்டினால் இரவின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். மறுபக்கம் ஏறக்குறைய அதே தூரத்தில் செம்மஞ்சளாக ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். பட்டைக்கு ஒரு பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலவெள்ளையாக ரைகல். இரண்டின் நிறத்தையும் குழந்தையே சொல்லட்டும். சூடு குறைந்தது சிவப்பு என்பது பிறகு. சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம். எட்டரை வயதுக் குழந்தையிடம், நீ பிறந்தபோது புறப்பட்ட வெளிச்சம் இது என்று சொல்லலாம்.

மின்னாமல் நிலையாக ஒளிர்வது பெரும்பாலும் கோள். ஆனால் அடிவானத்துக்கு அருகில் கோளும் மின்னும், அங்கிருந்து வரும் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டும்.

சூரியக் குடும்பத்தைப் புத்தகப் படத்தில் காட்டினால் கோள்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகக் குழந்தை நம்பிவிடும். திறந்த வெளியில் நடத்திக் காட்டுங்கள். 1 சென்டிமீட்டருக்கு 1 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்தால் சூரியன் 14 செ.மீ. பந்து. பூமி 1.3 மி.மீ., குண்டூசியின் தலை அளவு. 15 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிலா அதிலிருந்து 4 செ.மீ. வியாழன் 14 மி.மீ. கோலிக்குண்டு, 78 மீட்டரில். சனி 143 மீட்டரில், நெப்டியூன் 450 மீட்டரில். பூமி இருக்கும் இடத்தில் நின்று பந்தைத் திரும்பிப் பார்த்துச் சுண்டுவிரலால் மறைக்கச் சொல்லுங்கள்: அரைப் பாகை, நிலாவின் அதே அளவு. இதே கணக்கில் அடுத்த நட்சத்திரம் 4,000 கிலோமீட்டர் தள்ளி.

இதற்குப் பிறகு 7x50 அல்லது 10x50 பைனாகுலர் (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) எடுக்கலாம். முழங்கைகளைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் பெரிய நிலவுகள் புள்ளிகளாகத் தெரியும். நிலாவின் பள்ளங்களைப் பௌர்ணமியன்று தேடாதீர்கள், நிழல் இல்லாததால் தட்டையாகத் தெரியும். அரை நிலாவில் ஒளியும் இருளும் சேரும் கோட்டருகே பாருங்கள். சூரியன் முழுதும் மறைவதற்குமுன் பைனாகுலரைக் குழந்தையின் கையில் கொடுக்கவே கூடாது. ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் விழித்திரை கருகிவிடலாம்.

தொலைநோக்கி வாங்கும்போது பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் "525 மடங்கு" போன்ற எண்களை நம்பாதீர்கள். லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்குதான் பயன்படும் உச்ச உருப்பெருக்கம், 70 மி.மீ. லென்ஸுக்கு 140. சனியின் வளையத்துக்கு 30 மடங்கே போதும். ஸ்டாண்ட் ஆடாமல் இருப்பதுதான் முக்கியம். குறிபார்க்கும் சின்னக் குழலைப் பகலிலேயே தொலைவிலுள்ள ஒரு கம்பத்தை வைத்து, சூரியன் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, சரிசெய்துவிடுங்கள். இருட்டில் அது நடக்காது. பார்க்கும்போது குழந்தைகள் குழலைப் பிடித்து இழுப்பார்கள், இலக்கு நழுவிவிடும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கப் பழக்குங்கள்.