எல்லையோரக் காதல் நகைச்சுவை: சிறு முதலீட்டில் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு படமெடுக்கத் துணிகிறவர்களில் பலர் காதல் நகைச்சுவையைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு முகங்கள், நாலைந்து வீடுகள், ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தால் கதை நடந்துவிடும், சண்டைப் பயிற்சியாளருக்கும் கிராபிக்ஸுக்கும் வேலையில்லை என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் பேய்ப்படத்தில் இருட்டும் சண்டைப்படத்தில் வேகமும் மூடிவிடுகிற குறைகளை இங்கே மூடுவதற்கு ஒன்றுமில்லை; இருவரும் பேசுவதை இன்னும் சற்று நேரம் கேட்கலாமே என்று பார்ப்பவருக்குத் தோன்றாவிட்டால் படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்களைக் களமாக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களுக்கு ஊரே ஒரு முதலீடு, அதை வீணடிப்பதுதான் எளிதாக இருக்கிறது.

வீணாவது முதலில் திரைக்கதையில். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துபோகிற ஐயத்தை வைத்துக்கொண்டு இடைவேளைக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தை இழுப்பார்கள்: நாயகி தன் அத்தை மகனுடன் சிரித்துப் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்த நாயகன் மறுநாளே தாடி வளர்க்கத் தொடங்குகிறான். பெரிய படத்தில் இந்த ஓட்டையைப் பாட்டும் நட்சத்திர முகமும் அடைத்துவிடும். சின்னப் படத்தில் ‘கேட்டுத் தொலையேன்’ என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். எல்லையோர ஊரில் இப்படிப்பட்ட செயற்கைத் தடைக்கு அவசியமே இல்லை. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தமிழும் மலையாளமும் அறிந்தோருக்கென்று எழுத்தர் பணியிடங்களைத் தனியாக அறிவிப்பதுண்டு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படித்து அந்தத் தேர்வையே குறியாக வைத்திருக்கும் பெண்ணும், பொள்ளாச்சியில் தென்னை நார்த் தொழில் செய்யும் குடும்பத்துப் பையனும் காதலித்தால், கல்யாணத்துக்குப் பிறகு யார் எந்தப் பக்கம் குடியேறுவது என்ற கேள்வியே படம் முழுவதற்கும் போதும். வில்லன் தேவையில்லை, இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கும், இருவர் வீடும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருப்பதால் சந்திப்புகளுக்கும் பஞ்சமிருக்காது.

கள்ளுக்கடையையும் லாட்டரிக் கடையையும் வெறும் அலங்காரமாக நிறுத்துவதும் இதே வகைத் தவறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்கும் 2003 முதல் லாட்டரிக்கும் தடை இருக்கிறது. கேரள அரசோ 1967 முதல் தானே லாட்டரி நடத்துகிறது. எனவே எல்லையைத் தாண்டியதும் கடைகள் கண்ணில் படுவது இயல்பு, கேமராவும் அங்கேயே போய் நிற்கிறது. பிறகு கள்ளுக்கடையில் ஒரு பாட்டு, முடிவில் நாயகனுக்குப் பரிசுச்சீட்டு. கடை அங்கே இருப்பதால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று யோசித்தால் வேறு காட்சி கிடைக்கும். தென்னங்கன்று பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மாலைதோறும் வேலந்தாவளத்துக்குச் சென்று சீட்டு வாங்கும் தந்தை, அதே கடையின் நிழலில் காதலனோடு நின்றுகொண்டிருக்கும் மகளை நேருக்கு நேர் பார்த்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே மற்றவரை அம்மாவிடம் காட்டிக்கொடுக்க முடியாது. இரவு உணவின்போது தந்தை தென்னங்கன்றின் விலையைச் சொல்ல, மகள் அது எந்த நாற்றங்கால் என்று பணிவாகக் கேட்க, அம்மா இன்னொரு தோசை போட எழுந்து போக, செலவே இல்லாமல் ஒரு நல்ல காட்சி கைக்கு வந்துவிடுகிறது. விவரப் பிழைகளையும் இவ்வட்டாரத்தார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பொங்கலுக்குப் பாலக்காட்டிலும் ஓணத்துக்குக் கோவை மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை விடும் வழக்கம் இருக்கும்போது, ‘ஓணத்துக்கு எங்கள் ஆபீஸில் லீவு இல்லை’ என்று நாயகன் புலம்பினால் சிரிப்பு வேறு இடத்தில் எழும்.

மொழியை வைத்துச் சிரிக்கவைக்கும் முயற்சிகளில் பாதிக்கு மேல் பிசகுகின்றன. மலையாளம் புரியாமல் நாயகன் விழிப்பதும், கொச்சைத் தமிழ் பேசும் தேநீர்க்கடைச் சேட்டனும் சென்னையில் உட்கார்ந்து எழுதியவை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நிற்பவருக்கு இரண்டு மொழியும் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். புரியாமை அங்கே அரிது. வேடிக்கை எங்கே இருக்கிறதென்றால், எதை எப்போது பேசுவது என்று ஒவ்வொருவரும் செய்கிற தேர்வில்: விலை பேசத் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், பக்கத்து வீட்டுக்குப் புரியாது என்ற வீண் நம்பிக்கையில் மகளைத் திட்ட இரண்டில் ஒன்று. இதோடு கொங்குப் பேச்சின் மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. சண்டை முற்றி முகம் சிவந்த பிறகும் ‘ங்க’ போட்டே திட்டிக்கொள்ளும் காதலர்களை எழுதத் தெரிந்தவருக்குத் தனியாக ஒரு நகைச்சுவை நடிகர் வேண்டியதில்லை. நடிகர்களை இவ்வட்டாரத்திலிருந்தே தேர்வு செய்தால் இந்தப் பலம் தானாக வந்து சேரும். வெளியூர் முகத்துக்கு இரவல் குரல் கொடுத்தால் போய்விடும்.

படமாக்கும்போது நேரும் தவறுகளில் மிகக் கேடானது, காதலர்களை ஒரே சட்டகத்தில் வைக்காமலே படத்தை முடித்துவிடுவது. இருவரின் கால்ஷீட்டும் ஒத்துவராது. இன்று அவன் முகம், அடுத்த வாரம் அவள் முகம் என்று தனித்தனியாக எடுத்துப் படத்தொகுப்பு மேசையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று தைரியம் சொல்லுவார்கள். ஒட்டத்தான் முடியும். ஒருவர் சொல்லி முடிக்கும் முன்பே மற்றவர் முகத்தில் எழுகிற மாற்றத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது, அதைக் கத்தரித்துச் செய்ய முடியாது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) சிறு முதலீட்டுப் படமன்று. ஆயினும் இதே பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறில் பல காட்சிகள் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் இன்றும் பேசப்படுவது, நாகேஷ் கதை சொல்ல பாலையா நடுங்கிக்கொண்டே கேட்கிற காட்சி. ஒரு கூடம், இரண்டு நடிகர்கள், அவ்வளவுதான். அந்தக் காட்சிக்குத் தேவைப்படுவது ஒத்திகை, ஒத்திகைக்குத் தேவைப்படுவது நாட்கள். ட்ரோனுக்கும் நெல்லியாம்பதிப் பாட்டுக்கும் ஒதுக்குகிற தொகையில் இருவரையும் ஒரு வாரம் ஒரே வீட்டில் உட்காரவைத்து வசனம் பேசிப் பழக்கலாம். நான் பார்த்த சின்னப் படங்களில் இதைச் செய்தவை மிகக் குறைவு, செய்தவை முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகின்றன.

அடுத்தது ஒலி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னந்தோப்புகளில் ஓலைகளைப் புரட்டுகிறது. கேமராவுக்கு அது அழகு. மைக்குக்கு அது வசனத்தை விழுங்கும் இரைச்சல். சட்டையில் குத்தும் மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறையைக்கூட வாங்காமல் தோப்பில் முக்கியமான காதல் உரையாடலை எடுத்துவிட்டு, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அனுபவமுள்ள நடிகர் டப்பிங்கில் ஓரளவு மீட்டுவிடுவார். புதுமுகமோ உதட்டசைவைத் துரத்துவதிலேயே குறியாக இருப்பதால், படப்பிடிப்பில் தற்செயலாக வந்த தயக்கமும் பாதியில் உடைந்த சிரிப்பும் காணாமல் போகின்றன. பேச்சு அதிகமுள்ள காட்சிகளை வீட்டுக்குள்ளோ விடியற்காலையிலோ வைத்துக்கொண்டு, தோப்பைப் பேச்சில்லாத காட்சிகளுக்கு விட்டுவிடுவது நல்லது. ஒவ்வோர் இடத்திலும் எல்லாரையும் பேசாமல் நிற்கவைத்து அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்து வருவதும் அவசியம். வசனங்களுக்கு நடுவே விழும் வெட்டுகளை மறைக்கப் பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு மாநிலங்களில் படமெடுத்தால் அனுமதியும் இரண்டு இடங்களில் வாங்க வேண்டும், வாடகை வண்டி எல்லை தாண்டுவதற்கு வரி உண்டா என்றும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நாயகியின் ஆட்டுக்குட்டி கதைக்குள் வந்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் தணிக்கையில் சிக்கல் வரும். பலருக்கு இது படம் முடிந்த பிறகே தெரியவருகிறது. தேநீர்க்கடை வானொலியில் பழைய திரைப்பாட்டு ஒலிக்கட்டுமே என்று ஆசைப்படுகிறவர்கள், ஒலிப்பதிவின் உரிமை ஒருவரிடமும் இசையின் உரிமை வேறொருவரிடமும் இருக்கக்கூடும் என்பதை முன்பே விசாரித்துக்கொள்வது நலம்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் கடைசி அரை மணி நேரத்தில் பயம் வந்துவிடுகிறது. வெறும் பேச்சை நம்பி ஆட்கள் தியேட்டருக்கு வருவார்களா என்று தயாரிப்பாளர் கேட்கிறார். தந்தைக்கு மாரடைப்பும், சோதனைச்சாவடியில் துரத்தலும், மொழி ஒற்றுமை பற்றி ஒரு நீண்ட வசனமும் புகுந்துவிடுகின்றன. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் திடீரென்று அழுகை கேட்பது முறையில்லை. தேர்வு முடிவு வந்து, அவளுக்கு வேலையும் கிடைத்து, இனி யார் யார் பக்கம் வருவது என்று இருவரும் பேருந்து நிறுத்தத்தில் பேரம் பேசினால் போதும். கதை தொடங்கிய கேள்விக்கு அதே தொனியில் பதில் கிடைத்துவிடும்.

படத்தொகுப்பு முடிந்ததும் நண்பர்களுக்கு மட்டும் போட்டுக்காட்டி மகிழ்வதையும் தவிர்க்க வேண்டும். நண்பர்கள் நடிகர்களை அறிந்தவர்கள். அவர்கள் சிரிப்பை நம்ப முடியாது. பொள்ளாச்சியில் ஒரு முறை, கொழிஞ்சாம்பாறையில் ஒரு முறை, துணைத்தலைப்பு இல்லாமல் முன்பின் தெரியாதவர்களுக்குத் திரையிட்டு, திரையைப் பார்க்காமல் இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்த இடத்தில் கைப்பேசிகள் வெளியே வருகின்றன என்று குறித்துக்கொண்டு அந்த இடத்தில் கத்தரி வைக்கலாம். வசனத்தை வெட்ட மனம் வராதவர்கள் அதற்கு முன்னால் வரும் பாட்டையாவது எடுத்துவிடலாம்.