வில்ஃபிரான்ஷில் கப்பல் நின்றால் ஏஸ் மலைக்கிராமத்துக்கு நீங்களே போய்வரலாம்

மத்தியதரைக் கடலில் சுற்றும் கப்பல்கள் பிரான்சின் தென்கரைக்கு ஒரு நாள் ஒதுக்கும்போது, நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வில்ஃபிரான்ஷ் சுர் மெர் என்ற சின்ன ஊரில் நிற்பது வழக்கம். அன்றைக்கு நீஸ், கான், மொனாக்கோ மூன்றையும் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டும் டூரை விட்டுவிட்டு ஏஸ் கிராமத்துக்கு மட்டும் போங்கள் என்பதுதான் என் கட்சி. கடலுக்கு மேலே 400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஒரு பாறையின் உச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய ஊர் அது. ரயிலும் பஸ்ஸும் இருப்பதால் செலவும் அதிகம் இல்லை. நேரக் கணக்கு மட்டும் சரியாக இருக்கவேண்டும்.

பெரிய கப்பல் இங்கே கரையைத் தொடாது. விரிகுடாவின் நடுவில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் எனப்படும் சிறிய படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவிடுவார்கள். கப்பலின் சொந்த டூரில் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் முதல் இடம், அதனால் காலையில் சீக்கிரம் எழுந்து படகுக்கான டோக்கனை வாங்கிவிடுங்கள். கப்பல் கிளம்பும் நேரத்தை விட, கரையிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இருக்கும் நேரமும் கப்பலின் நேரமும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா தேவை, அதைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே முடித்திருப்பீர்கள். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

படகுத்துறையில் இறங்கி, கடல் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கரையோரமாகவே நடந்தால் கால் மணி நேரத்தில் ரயில் நிலையம் வந்துவிடும், கடற்கரைக்குச் சற்று மேலே இருக்கிறது. மொனாக்கோ, இத்தாலியிலுள்ள வென்டிமில்யா பக்கம் போகும் ரயிலில் ஏறவேண்டும். வென்டிமில்யாவைப் பிரெஞ்சில் வேந்திமீய் என்று பலகையில் எழுதியிருக்கும், அதுவும் இதுவும் ஒரே ஊர்தான். திரும்பி வரும் டிக்கெட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். முதலில் போலியூ, அடுத்தது ஏஸ் சுர் மெர், சில நிமிடப் பயணம்தான். இந்தப் பாதையில் ஜேப்படி சகஜம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஏஸ் சுர் மெரில் இறங்கியதும் பலர் குழம்பிப்போகிறார்கள், ஏனென்றால் அங்கே கிராமம் என்று எதுவும் இருக்காது, ஒரு சாலை, கொஞ்சம் வீடுகள், பின்னால் செங்குத்தாக ஒரு மலை. நிமிர்ந்து பாருங்கள், ஊர் மேலே இருக்கிறது! மேலே போக நிலையத்தின் அருகிலிருந்து ஒரு சிறிய பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி வராது, எனவே அதன் நேரத்தை முந்தின நாளே பார்த்துவைத்து அதற்கேற்ற ரயிலைப் பிடியுங்கள். இல்லையென்றால் நடைபாதை இருக்கிறது. ஜெர்மன் தத்துவவாதி நீட்சே 1880-களில் நீஸில் தங்கியிருந்தபோது ஏறி நடந்த வழி அது. ஜரதுஷ்ட்ராவைப் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில் முக்கியமான பகுதி இந்த ஏற்றத்தில்தான் உருவானது என்று அவரே எழுதியிருக்கிறார், பாதைக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். என்னைக் கேட்டால் பஸ்ஸில் ஏறி, நடந்து இறங்குவதே நல்லது. காலையில் பஸ் தாமதமானால் கொஞ்சம் நேரம்தான் போகும், மாலையில் பஸ் வராவிட்டால் கப்பலே போய்விடும், அதனால் திரும்பும் வழியில் மலை இறங்குகிற பகுதியாவது நம் கால்களை நம்பி இருக்கட்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் கடைகளைப் பார்த்து நிற்காமல் நேராக உச்சிக்குப் போங்கள். டூர் பஸ்கள் வந்து சேர்ந்துவிட்டால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒதுங்கவேண்டிய அந்தச் சந்துகளில் நகரவே முடியாது. உச்சியில் இருந்த கோட்டையை 1706-இல் பதினான்காம் லூயியின் ஆணைப்படி இடித்துவிட்டார்கள், அந்த இடிபாடுகளைச் சுற்றி 1949-இல் உருவாக்கியதுதான் இப்போதுள்ள தோட்டம். கட்டணம் உண்டு, கொடுக்கலாம். கற்றாழை, கள்ளி வகைகள் நம் ஊர் வேலியோரத்தில் பார்த்தவைதான், ஆனால் இங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும், நடுநடுவே ஒல்லியான பெண் சிலைகள், அவற்றுக்குக் கீழே கடல் மட்டும். ஃபெரா முனை தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு கிடப்பது இங்கிருந்து முழுசாகத் தெரியும். நிதானமாக உட்காருங்கள், இதற்காகத்தான் வந்தீர்கள். இறங்கும்போது மஞ்சள் முகப்பு கொண்ட பதினெட்டாம் நூற்றாண்டுத் தேவாலயத்தையும் எட்டிப் பார்க்கலாம்.

கிராமம் முழுக்கப் படிகளும் சரிவான கல் பாவிய வழிகளும்தான். கற்கள் தேய்ந்து வழுவழுவென்று இருப்பதால் பிடிமானமுள்ள ஷூ கட்டாயம், குழந்தைத் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் சரிப்படாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துவந்தால் உச்சி வரை வற்புறுத்தாதீர்கள், ஊர் வாசலுக்கு அருகே கஃபே இருக்கிறது. சாப்பாடு மேலே விலை அதிகம், ரொட்டியும் பழமும் கையில் இருந்தால் போதும். சைவம் என்றால் இந்தக் கரையோரத்துச் சோக்காவைத் தேடிச் சாப்பிடுங்கள், கொண்டைக்கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் வேகவைத்து, மிளகுத்தூள் தூவித் தருவார்கள். பான் பாஞ்யா என்ற சாண்ட்விச்சில் மீன் இருக்கும், கவனம்.

இறங்குவதற்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உதிரிக் கற்கள், நிழல் குறைவு, வழியில் தண்ணீர் கிடையாது. மழை பெய்திருந்தால் அந்தப் பாதையே வேண்டாம், பஸ்ஸோ டாக்சியோ பாருங்கள். கடைசிப் படகு நாலரைக்கு என்றால் மூன்று மணிக்கு வில்ஃபிரான்ஷில் இருப்பதுபோல், ஒரு மணி வாக்கில் இறங்கத் தொடங்குங்கள். ரயில் வேலைநிறுத்தம் பிரான்சில் அபூர்வமில்லை, அப்படி நடந்தால் கீழே கடலோரச் சாலையில் நீஸ் பக்கம் போகும் பஸ் இருக்கிறது.

சீக்கிரம் திரும்பிவிட்டால், படகுத்துறைக்குச் சில அடி தூரத்திலேயே மீனவர்களின் சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது, 1957-இல் பிரெஞ்சுக் கலைஞர் ழான் காக்தோ உள்ளே முழுக்க ஓவியம் வரைந்த இடம். திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு அப்படியே படகு வரிசைக்குப் போகலாம்.