சாவி யார் கையில்? சிங்கப்பூரில் வாடகை வீடும் கஞ்சாச் சட்டமும்

சிங்கப்பூரில் வந்து இறங்கியதும் வீடு தேடுகிற அவசரத்தில் நாம் கேட்பது மூன்று கேள்விகள்தான். வாடகை எவ்வளவு, எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம், சமைக்க விடுவார்களா? அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நானும் முதலில் கேட்டதில்லை.

ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு நாலறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஓனருடன் ஒப்பந்தம் போட்டு முதல் கையெழுத்து வைத்தது நான். மற்ற நால்வர் பெயரையும் ஓனர் முறையாகப் பதிந்திருந்தார். சில மாதம் கழித்து, எங்களில் ஒரு தம்பி ஸ்டோர் ரூமைப் பூட்டி வைக்க ஆரம்பித்தான். இரவில் கதவுக்குக் கீழே ஊதா நிறத்தில் வெளிச்சம் தெரியும். செடி வளர்க்கும் விளக்கு என்று பார்த்ததுமே புரிந்தது. என்ன செடி என்பதுதான் தெரியவில்லை. இரண்டு இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள், "தம்பி, உள்ளே என்ன வச்சிருக்க? கொஞ்சம் திற" என்று கேட்டுவிட்டேன். உடனே திறந்தான். உள்ளே மிளகாய் நாற்றும் இரண்டு கறிவேப்பிலைக் கன்றும் இருந்தன. ஊரில் அம்மா வளர்ப்பது போல இங்கேயும் வளர்த்துப் பார்க்கலாம் என்று ஆசையாம். கேட்டதற்காக அவன் கோபப்படவில்லை. அன்றிலிருந்து அந்த ஸ்டோர் ரூமுக்குப் பூட்டும் இல்லை.

அந்த இரண்டு இரவும் நான் ஏன் பயந்தேன் என்பதைத்தான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இங்கே போதைப்பொருள் விஷயத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் போதாது. தெரியாது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டிய நிலை வரும்.

1973ஆம் ஆண்டு வந்த போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. கஞ்சாச் செடி வளர்ப்பதே தனிக் குற்றம். அதற்கு 20 ஆண்டு வரை சிறை, 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தொட்டியில் ஒரே ஒரு செடிதானே என்ற சமாதானத்துக்கு இடமில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். 15 கிராமுக்கு மேல் கஞ்சா ஒருவரிடம் இருந்தால், அதை விற்க வைத்திருக்கிறார் என்றே சட்டம் அனுமானிக்கும். நன்றாக வளர்ந்த ஒரு செடியே அதைவிட அதிகம் தரும். கடத்தல் என்று ஆகிவிட்டால் குறைந்தது 5 ஆண்டு சிறையும் 5 பிரம்படியும். 500 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை வரை போகும். தாய்லாந்து 2022இல் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது, வட இந்தியாவில் சில இடங்களில் கஞ்சா இலையில் செய்யும் பாங் கடையிலேயே கிடைக்கிறது என்பதெல்லாம் இங்கே எந்த உதவிக்கும் வராது. சாக்லேட்டில் கலந்திருந்தாலும் பிஸ்கட்டில் கலந்திருந்தாலும் இங்கே அது கஞ்சாதான்.

சரி, வளர்த்தவனுக்குத் தண்டனை. வீட்டைக் கொடுத்தவருக்கும் கூட இருந்தவருக்கும் என்ன?

இதே சட்டத்தின் 11ஆம் பிரிவு நேராக வீட்டைப் பற்றிப் பேசுகிறது. ஓர் இடத்தின் உரிமையாளரோ, வாடகைக்கு எடுத்தவரோ, அங்கே குடியிருப்பவரோ, அதன் பொறுப்பில் இருப்பவரோ, அந்த இடத்தில் போதைப்பொருள் புகைக்கவோ, உட்கொள்ளவோ, விற்கவோ, தயாரிக்கவோ இடம் கொடுத்தால் அவர்மீதும் குற்றம். உரிமையாளருக்கு அடுத்த சொல்லே வாடகைக்கு எடுத்தவர் என்பதைக் கவனியுங்கள். நம் ஆட்களில் ஒருவர் வீட்டை மொத்தமாக எடுத்து, மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வாடகையைப் பங்கு போடுவது வழக்கம். 'மெயின் டெனன்ட்' என்று சொல்லிக்கொள்வோம். அவர் ஓனருக்கு வாடகைக்காரர். கூட இருப்பவர்களுக்கு அவரே பாதி ஓனர் மாதிரி. இரண்டு பக்கப் பொறுப்பும் அவர் தலையில் விழும்.

அதைவிடப் பலருக்குத் தெரியாதது 18ஆம் பிரிவு. போதைப்பொருள் கண்டெடுக்கப்பட்ட ஓர் இடத்தின் சாவி, அல்லது அந்த இடத்தில் ஒரு பகுதியின் சாவி, உங்களிடம் இருந்தால் அந்தப் பொருளே உங்களிடம் இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அது அப்படியில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு சாவி வைத்திருந்ததற்காகவே தண்டனை கிடைத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் விளக்கம் சொல்லும் பாரம் உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. வேலை அனுமதியில் வந்திருப்பவருக்கு அந்த விளக்கத்தைச் சொல்லி முடிக்கும் வரை தாங்குவதே பெரிய கஷ்டம். அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. ஒருவரிடம் போதைப்பொருள் இருப்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்து, அவர்களும் அதற்குச் சம்மதித்திருந்தால், அது எல்லோரிடமும் இருந்ததாகவே கருதப்படும். அறை நண்பன்தானே, அவன் பாட்டுக்கு அவன், நம் பாட்டுக்கு நாம் என்று தெரிந்தே கண்ணை மூடிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதிகாரிகளுக்குச் சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே வீட்டுக்குள் வந்து சோதிக்க அதிகாரம் உண்டு. அங்கே இருப்பவர்களைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் உட்படுத்தலாம்.

இப்போது வீடு எடுக்கும் இடத்துக்கு வருவோம். வீவக வீடு என்றால், அதாவது எல்லோரும் எச்டிபி என்று சொல்லும், அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்றால், ஓனர் வாடகைக்கு விட அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அங்கே தங்கும் ஒவ்வொருவர் பெயரையும் பதிந்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. குறைந்தது 6 மாதமாவது வாடகைக் காலம் இருக்க வேண்டும். தனியார் வீட்டுக்கு அது 3 மாதம். "பேரெல்லாம் எதுக்கு தம்பி, பணத்தை மட்டும் கொடுத்துட்டு இருந்துக்கோ" என்று யாராவது சொன்னால், அந்த வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் பெயர் எங்கேயும் இல்லாத வீட்டில், நீங்கள் எந்த அறையில் இருந்தீர்கள், எப்போது வந்தீர்கள் என்பதைக் காட்ட ஒரு தாள்கூட உங்களிடம் இருக்காது.

பூட்டிய அறை என்றால் தனியாக யோசியுங்கள். சில ஓனர்கள் முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு, தாமும் அங்கே வசிப்பதாகக் காட்ட ஓர் அறையை மட்டும் பூட்டி வைப்பார்கள். இதை வீவக விதிமீறலாகவே பார்க்கிறது. நமக்கோ அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. வீடு பார்க்கப் போகும்போதே எல்லாக் கதவுகளையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். திறக்க முடியாத அறை இருந்தால், அதன் சாவி யாரிடம் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். உங்கள் அறைக்கு வெளியே வேறு எந்தச் சாவியையும் 'சும்மா வச்சிரு' என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். முத்திரைத் தீர்வையும் (ஸ்டாம்ப் டியூட்டி) கட்டியிருக்கட்டும். நான்கு ஆண்டுக்குள் உள்ள ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடுதான் தீர்வை. மாதம் 3,000 வெள்ளி வீதம் இரண்டு ஆண்டு என்றால் 288 வெள்ளி. இங்கே கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. 288 வெள்ளியை மிச்சம் பிடித்துவிட்டு, தேவைப்படும் நாளில் கையில் செல்லாத தாளோடு நிற்க வேண்டாம்.

இங்கே சில ஆண்டு இருந்து, சொந்த வீடு வாங்கி, ஓர் அறையை நம்மவர்களுக்கே வாடகைக்கு விடும் அண்ணன்களும் அக்காக்களும் இதைப் படிக்கலாம். உங்களிடம் மாற்றுச் சாவி இருக்கும், இல்லையா? அப்படியானால் 18ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும். வருபவரின் வேலை அனுமதி அட்டையின் அசலைப் பாருங்கள். பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். மனிதவள அமைச்சின் இணையத்திலோ குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையத்திலோ அந்த அனுமதி இன்னும் செல்லுபடியாகிறதா என்று சரிபாருங்கள். இந்த மூன்றும் வீட்டுக்காரர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் கடமைகள். செய்யாமல் விட்டு, தங்கியவர் சட்டவிரோதமாக இருந்தவர் என்று தெரிந்தால், அடைக்கலம் கொடுத்த குற்றச்சாட்டு வரும். நம்ம ஊர்ப் பையன், நம்ம கோயிலில் பார்த்த முகம் என்பது இந்த மூன்றுக்கும் பதிலாகாது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் சேருங்கள். வீட்டைச் சட்டவிரோதமான எந்தச் செயலுக்கும் பயன்படுத்தக் கூடாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு உரிமையாளர் வந்து பார்க்கலாம். எழுதியதோடு விடாமல், சொன்னபடி போயும் பாருங்கள். சன்னல் முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக், பகலிலும் இரவிலும் அணையாத பலமான விளக்கு, ஆளே இல்லாத அறையில் ஓடிக்கொண்டே இருக்கும் விசிறி, திடீரென்று எகிறும் மின்கட்டணம், கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் பச்சை வாசம். இதில் ஒன்று இருந்தால், எங்கள் வீட்டில் நடந்தது போல அது மிளகாய் நாற்றாகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. போய்ப் பார்த்த நாளைக் குறித்து, ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி வையுங்கள். நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று பின்னால் சொல்ல அதுதான் துணை.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால்? தொடாதீர்கள். குப்பையில் போடாதீர்கள், கழிவறையில் ஊற்றாதீர்கள். நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்து அப்படிச் செய்தால் நீங்களே உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். தனியாக அவனோடு சண்டைக்கும் போக வேண்டாம். வெளியே வந்து 999க்கோ, போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் 1800 325 6666க்கோ கூப்பிடுங்கள். புகார் சொன்னால் என் வேலை போய்விடுமோ என்று பயப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் அதே அறையில் இன்னொரு வாரம் தங்குவதுதான் வேலைக்கும் வாழ்க்கைக்கும் உண்மையான ஆபத்து. அதிகாரிகள் விசாரித்தால் தெரிந்ததை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

பார்சல் பற்றியும் ஒரு வார்த்தை. "உன் பேர்ல ஒரு பார்சல் வரும், வாங்கி வை" என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். அறை நண்பனாக இருந்தாலும், ஊரில் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தாலும் அப்படித்தான்.

அப்புறம், வீட்டைக் காலி செய்யும் நாள். டெபாசிட் திரும்ப வருமா என்பதிலேயே எல்லோருடைய கவனமும் இருக்கும். அதில் தகராறு வந்தால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் சாவியைக் கவனியுங்கள். உங்களிடம் இருந்த எல்லாச் சாவிகளையும் ஓனர் கையிலேயே கொடுங்கள். எத்தனை சாவி, எந்தக் கதவுக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சாவிகளை வரிசையாக வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருபவருக்கு நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று சாவியை ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.